பட்டியில எடுத்துக்கலாம்னு விட்ட சுவர்

புது வீட்டில் பெயிண்ட் உரிந்தால் முதல் திட்டு பெயிண்ட் கம்பெனிக்கு, அடுத்த திட்டு பெயிண்டருக்கு. பூசிய கொத்தனார் அதற்குள் வேறு ஊரில் வேறு வீட்டுச் சாரத்தில் நிற்பார். சேலம் கோரிமேட்டுப் பக்கம் கட்டிய வீட்டில் ஹாலின் மேற்குச் சுவர் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அப்பளம் பொரிகிற மாதிரி எமல்ஷன் எழும்பி, விரல் வைத்தால் பட்டியோடு (பெயிண்டுக்கு அடியில் சுவரை மழுக்க இழுக்கிற மாவுப் பூச்சு) பெயர்ந்து கையில் வந்தது. பட்டி, பிரைமர், இரண்டு கோட்டு எமல்ஷன், கூலி எல்லாம் குப்பைக்குப் போனது ஒரு பக்கம். அதைச் சுரண்டி எடுக்கவும் தனியாகக் கூலி கொடுக்க வேண்டி வந்ததுதான் வயிற்றெரிச்சல். சுரண்டல், கொத்தல், மறுபூச்சு எல்லாம் சேர்ந்து இரண்டாம் தடவைச் செலவு முதல் தடவையைத் தாண்டிவிட்டது. பெயிண்டில் துளிக் கோளாறும் இல்லை, எல்லாம் கொத்தனார் பூசிய சிமெண்ட் பூச்சில். ஓர் இரும்பு ஆணி, ஒரு மட்டக்கோல், ஏடிஎம் கார்டு நாலு, ஒரு டார்ச் லைட், ஒரு பாலித்தீன் துண்டு இவை இருந்தால் பூச்சு காய்ந்ததும் ஒரு நாளில் எல்லாம் தெரிந்துவிடும். வீடு கட்டுகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பூச்சு நடந்தது சித்திரை வெயிலில். சேலத்தில் அந்த மாதம் மேற்குச் சுவரில் மத்தியானத்துக்கு மேல் கை வைக்க முடியாது. செங்கல் சுவருக்கு முந்தின நாளே தண்ணீர் அடித்து ஊறவிட்டு, பூசும் நேரத்தில் மேல் ஈரம் வற்றி உள் ஈரம் நிற்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் காய்ந்த கல் கலவையின் தண்ணீரைப் பின்பக்கமாக உறிஞ்சும், வெயில் முன்பக்கமாக உறிஞ்சும். சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டும். அது கிடைக்காத பூச்சு சும்மா காய்ந்து நிற்கும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. மேற்குச் சுவரைக் காலையில் பூசிவிட வேண்டும், மத்தியானம் நிழல் விழும் கிழக்குப் பக்கம் போய்விட வேண்டும். ஆள் கூலியைக் கணக்குப் பார்க்கிற மேஸ்திரி சாரத்தை நகர்த்த மாட்டார். எந்தப் பக்கம் சாரம் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் வேலை.

கலவை விகிதத்தைப் பற்றித்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் கேட்பார்கள். உள் சுவருக்கு 1:5 அல்லது 1:6 (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஐந்து அல்லது ஆறு பங்கு), கனம் 12 மி.மீ.; சீலிங்குக்கு 1:3 அல்லது 1:4, 6 மி.மீ.; வெளிச்சுவருக்கு 1:4, இரண்டு கோட்டாக 15 முதல் 20 மி.மீ. இது பெரும்பாலும் சரியாகவே நடக்கும். கெடுவது நேரத்தில். சிமெண்ட் கலந்து அரை மணி நேரம் ஆனால் எப்போது வேண்டுமானாலும் இறுக ஆரம்பிக்கலாம். காலையில் மொத்தமாகக் கலந்து குவித்து, டீ குடித்துவிட்டு வந்து, விறைத்துப்போன கலவையில் தண்ணீர் தெளித்துக் கிளறிப் பூசினால் அது 1:5 கணக்கில் போட்ட சிமெண்டாக வேலை செய்யாது. ஆணியால் கீறினால் மணல் கொட்டும் சுவர்கள் பலவும் இப்படி வந்தவைதான். இன்னொரு பழக்கம், மணியாஸ் கட்டை (பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மரக்கட்டை) போடும்போது சுவர் ஈரமாக இருந்தால் காய்ந்த சிமெண்டைக் கைநிறைய அள்ளி வீசித் தேய்ப்பது. ஈரம் உடனே இழுத்துக்கொள்ளும், சுவரும் பளபளவென்று வரும், பார்க்கிற வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் மேலே உருவான அந்த மெல்லிய சிமெண்ட் தோல் உள்ளே இருக்கிற பூச்சைவிட அதிகமாகச் சுருங்கும். வலை மாதிரி ஏர் கிராக் (மயிரிழை வெடிப்பு) ஓடும். பிறகு பட்டியும் பிரைமரும் அந்த வழவழப்பில் பிடிக்காது. பெயிண்ட் அடிக்கப்போகிற சுவருக்குக் கட்டை போட்ட சொரசொரப்பே நல்லது. கரண்டி போட்டு மழுக்க வேண்டியதில்லை.

தண்ணீர் அடிப்பது அடுத்த கதை. பூசிய மறுநாளிலிருந்து குறைந்தது 7 நாள், கோடையில் 10 நாள், சுவர் காய விடாமல் அடிக்க வேண்டும். காலையில் ஒரு தடவை ஓஸ் பிடித்துவிட்டுப் போனால் மேற்குச் சுவர் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும். அங்கே நனைத்த சாக்கைத் தொங்கவிடுவதுதான் வழி. டேங்கர் லாரி தண்ணீர் காசு என்று உப்புப் போர்த் தண்ணீரை அடித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்பு சுவருக்குள் போகிறது. அது பிறகு வெளியே வரும்.

மணலையும் சொல்லிவிடுகிறேன். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகி, இப்போது பூச்சுக்கு, கல்லை உடைத்துச் சலித்துக் கழுவின பி சாண்ட்தான். பி சாண்ட் என்று பில் போட்டு கிரஷர் டஸ்ட் இறக்குகிறவர்களும் உண்டு. லாரியில் இருக்கும்போதே சோதிக்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, கால்வாசி ஊற்றி, பாதிக்குமேல் மணலைப் போட்டு, இன்னும் கொஞ்சம் உப்புத் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி, 3 மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், மேலே மெல்லிய தூசிப் படலம் தனியாக நிற்கும். மணலின் உயரத்தில் அந்தப் படலம் 8 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த லோடு பூச்சுக்கு வேண்டாம். தூசி அதிகமான கலவை தண்ணீரை அதிகம் கேட்கும், காயும்போது அதிகம் சுருங்கும், கையால் தடவினால் மாவு ஒட்டும்.

இப்போது வழக்கமான உரையாடல். "ஏனுங்க மேஸ்திரி, இந்த மூலை பள்ளமா இருக்குதே?" "அதெல்லாம் பெயிண்டர் பட்டியில எடுத்துக்குவாருங்க." கொஞ்ச நாள் கழித்து பெயிண்டர் வருவார். "கொத்தனார் விட்டதையெல்லாம் நாங்கதான் இழுக்கணும், மூட்டை கூட ஆகுமுங்க." இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் பணம் போகிறது. ஒயிட் சிமெண்ட் பட்டி இரண்டு கோட்டும் சேர்ந்து 1.5 மி.மீ. தாண்டக்கூடாது. தாண்டினால் அதுவே தன் எடையில், தன் சுருக்கத்தில் வெடித்து விலகும். ஏடிஎம் கார்டு ஒவ்வொன்றும் 0.76 மி.மீ. கனம். 6 அடி அலுமினிய மட்டக்கோலைச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் சாய்த்து வைத்துப் பாருங்கள். இடைவெளியில் இரண்டு கார்டு சேர்ந்து நுழைந்தால் பட்டிக்கு அடங்கும். நாலு கார்டு நுழைந்தால் அது கொத்தனார் வேலை, பெயிண்டர் வேலை இல்லை. கணக்கும் போட்டுவிடலாம்: 10 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 400 சதுர அடி. நேராக இருந்தால் இரண்டு கோட்டுக்கு 40 கிலோ மூட்டை ஒன்று, கொஞ்சம் கூடலாம். அதே சுவரில் சராசரியாக 5 மி.மீ. பள்ளத்தைப் பட்டியால் நிரப்பினால் ஏறக்குறைய 7 மூட்டை உள்ளே போகும், போனதும் நிற்காது. லெவலிங் பிளாஸ்டர் என்று கனமாகப் பூசவே தனியாக விற்கிறார்கள், எத்தனை மி.மீ. வரை என்று மூட்டையிலேயே இருக்கும். இல்லாவிட்டால் கொத்துப் போட்டுச் சன்னமாக மறுபூச்சு. இரண்டுமே பட்டியைவிட மலிவு.

மேடு பள்ளம் பகலில் தெரியாது. ராத்திரி மற்ற விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு அலையும் நிழல் விடும். சீலிங் ஓரமாக எல்இடி பட்டை விளக்கு போடப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த விளக்கு தினமும் செய்யப்போவது இதே வேலையைத்தான். கையோடு ஆணியால் கீறிப் பாருங்கள். கோடு மட்டும் விழுந்தால் நல்லது. கொஞ்சம் அழுத்தியதும் 5 மி.மீ. உள்ளே போய் மணல் சரசரவென்று கொட்டினால் அந்த இடத்தை எந்த பிரைமரும் காப்பாற்றாது. கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலாக (கல்லில் பிடிக்காமல் உள்ளே வெற்றிடமாக) இருக்கிற இடம் சத்தத்திலேயே காட்டிக்கொடுக்கும். சாக்பீஸால் வட்டம் போட்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் பேசும்போது உதவும்.

பட்டி எப்போது ஆரம்பிக்கலாம்? புதுப் பூச்சுக்கு 28 நாள் என்பது குறைந்தபட்சம். கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்ட வீட்டில் இந்த 28 நாள் பத்து நாளாகச் சுருங்கும், எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஈரம் போய்விட்டதா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீனைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி கோர்த்தாலோ சுவர் அங்கே மட்டும் கறுத்தாலோ காத்திருக்க வேண்டும். காரமும் இன்னொரு விஷயம். புதுச் சிமெண்டின் பிஎச், அதாவது காரத்தின் அளவு, 12-க்கு மேல். காற்றுப் பட்டுப் பட்டுத்தான் இறங்கும், 9-க்குப் பக்கத்தில் வந்த பிறகு பெயிண்ட் அடிப்பது பாதுகாப்பு. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரை (ஆசிட் இல்லை, காய்ச்சி வடித்த தண்ணீர்) சுவரில் தடவி பிஎச் தாளை அழுத்தினால் தாளின் நிறம் சொல்லிவிடும். காரம் தணியாத சுவரில் எண்ணெய் எனாமல் அடித்தால் காரமும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாகும். சமையலறையில் கைபடும் உயரத்துக்கு எனாமல் அடித்த இடம் பிசுபிசுப்பாகிப் பெயர்வது இதனால்தான். எமல்ஷன் அவ்வளவு மோசமாகாது, ஆனால் அடர்ந்த நிறங்கள் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

உரிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நிறையப் பேர் திரும்பவும் காசை விடுகிறார்கள். கடைக்காரர் ஒரு டின் வாட்டர்புரூஃப் பிரைமரைக் கொடுப்பார், பெயிண்டர் அடிப்பார், அதுவும் உரியும். முதலில் உரிந்த செதிலைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். முதுகில் மணல் ஒட்டி வந்திருந்தால் பூச்சே பலமில்லை, பட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. முதுகு வழவழவென்று சாம்பல் நிறத் தோலோடு வந்தால் அது வீசித் தேய்த்த சிமெண்ட். முதுகு வெள்ளை மாவாக, தேய்த்தால் விரலில் ஒட்டினால் பட்டி இறுகவில்லை. சுவரை நனைக்காமல் இழுத்திருப்பார்கள், அல்லது காலையில் கலந்த பட்டியைச் சாயங்காலம் வரை ஓட்டியிருப்பார்கள். பெயிண்ட் மட்டும் தாள் போலப் பிரிந்து, பட்டி சுவரிலேயே நின்றால், உப்புத்தாள் போட்ட தூசியைத் துடைக்காமல் பிரைமர் அடித்திருக்கிறார்கள். முதுகில் வெள்ளைப் படிகம் மின்னினால் உப்பு. ஒரே சுவரில் இரண்டு மூன்று வகை இருக்கும், எங்கள் ஹாலில் மணலும் சாம்பல் தோலும் அடுத்தடுத்து இருந்தன. அதனால் மேல், நடு, கீழ் என்று பல இடத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். உரியாத இடத்தையும் நம்ப வேண்டாம். கத்தியால் பெருக்கல் குறி கீறி, மேலே நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி வெடுக்கென்று இழுத்தால் பிடிப்பு தெரிந்துவிடும்.

மணல் முதுகு என்றால் பட்டியையும் பெயிண்டையும் முழுக்கச் சுரண்டிவிட்டு ஆணிச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். மேலாக மட்டும் மாவு என்றால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, உள்ளே ஊறுகிற சால்வென்ட் சிமெண்ட் பிரைமர் ஒரு கோட்டு. தண்ணீர் பிரைமர் மாவின் மேலே படுத்துக்கொள்ளும், சால்வென்ட் பிரைமர் மாவைத் தாண்டி உள்ளே போகும். அடித்துக் காய்ந்த பிறகும் கையில் மாவு ஒட்டினால் இன்னொரு கோட்டு போட்டுப் பயனில்லை, கொத்தி எடுப்பதே வழி. இந்த பிரைமர் அடித்த சுவரில் பிறகு அக்ரிலிக் பட்டிதான் போட வேண்டும். ஒயிட் சிமெண்ட் பட்டிக்கு ஈரம் உறிஞ்சும் சுவர் வேண்டும், சால்வென்ட் பிரைமர் அதை அடைத்துவிடும். பொள்ளல் இடத்தைச் சுற்றிச் சத்தம் கெட்டியாகும் வரை கிரைண்டரால் சதுரமாக வெட்டி, கல் தெரியக் கொத்தி, தூசியைத் தட்டி, நனைத்து, எஸ்பிஆர் பாண்டிங் திரவத்தோடு (பழையதோடு புதுக் கலவையை ஒட்டவைக்கிற பால் மாதிரித் திரவம்) தண்ணீரும் சிமெண்டும் கலந்து பிரஷ்ஷால் தடவி, அது பிசுக்கென்று இருக்கும்போதே கலவை வைக்க வேண்டும். தடவியது காய்ந்துவிட்டால் அதுவே ஒட்ட விடாத தோலாகிவிடும். ஒட்டுப் போட்ட இடத்துக்கும் 7 நாள் தண்ணீர், பிறகு காத்திருப்பு எல்லாம் முதலிலிருந்து. இந்த இடத்தில்தான் பொறுமை போய், "ஒட்டு சின்னதுதானே" என்று மறுவாரமே பட்டி இழுத்துவிடுவார்கள். சுவர் முழுக்க ஒரு நிறம், ஒட்டு மட்டும் வேறு நிறம் என்று நிற்பது அப்படித்தான்.

சாம்பல் தோல் என்றால் வேலை குறைவு, தூசி அதிகம். சாணைக்கல் அல்லது கிரைண்டரில் கப் வீல் போட்டுத் தோலை எடுத்துவிட்டால் கீழே பூச்சு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முகத்துக்குத் துணி கட்டினால் போதாது, இந்தத் தூசிக்கு நல்ல மாஸ்க் வேண்டும்.

வெடிப்பில் ஏர் கிராக்கை அக்ரிலிக் கிராக் ஃபில்லர் தாங்கும். ஆனால் தூணும் கல்லும் சேருமிடத்தில் நேர்கோடாக வருகிற வெடிப்பு வேறு வகை. மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் சேலம் பக்கம் ஃபிளை ஆஷ் கல் வைத்துக் கட்டுகிற வீடுகள் நிறைய. அந்தக் கல் வழவழப்பு, கான்கிரீட் தூண் இன்னும் வழவழப்பு, இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவு நீளும். பூசுவதற்கு முன்பே அந்த இணைப்பில் இரு பக்கமும் அரை அடி ஏறும்படி கோழி வலை அடித்துப் பூச வேண்டும், கான்கிரீட்டில் நெருக்கமாகக் கொத்துவிட வேண்டும். ஸ்விட்ச் பைப்புக்கு வெட்டின காடியும் அதே கதைதான். எலக்ட்ரீஷியன் ஒரு கை கலவையை அப்பி மூடிவிட்டுப் போன இடம் அப்படியே பெயிண்டில் கோடாகத் தெரியும்.

உப்பைப் பற்றி ஒன்று. வெள்ளையாகப் பூத்ததும் பைப்பைப் பிடித்துக் கழுவத் தோன்றும். வேண்டாம். உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழுவதை வாரி வெளியே கொட்டி, ஒரு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். பூப்பது குறைந்துகொண்டே வந்தால் பூச்சில் இருந்த உப்பு தீர்கிறது. குறையாமல் அதே உயரத்தில், குறிப்பாகத் தரையிலிருந்து ஓரிரு அடிக்குள் வந்துகொண்டே இருந்தால் ஓதம். எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது, பாத்ரூம் பைப்பையும் அஸ்திவாரத்தையும் பார்க்காமல் பெயிண்ட் டின்னைத் திறக்கக்கூடாது.

இரண்டாம் முறை பெயிண்ட் அடிக்கும்போது, நன்றாக இருக்கிற பூச்சின் மேல் ஒயிட் சிமெண்ட் பட்டி என்றால் சுவரை லேசாக நனைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். 40 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 14 முதல் 16 லிட்டர். ஆனால் மூட்டை மொத்தமும் ஒரேயடியாகக் கலக்க வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்குள் தீர்கிற அளவு மட்டும் போதும். முதல் கோட்டு கீழிருந்து மேல், அது காய்ந்ததும் இரண்டாவது. உப்புத்தாள் போட்டபின் ஈரத்துணியால் துடைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கூலிக்கணக்கில் வராத வேலை அது. ஒட்டுப் போட்ட இடங்களுக்கு மட்டும் பிரைமர் ஒரு கோட்டு முன்கூட்டியே போட்டு, பிறகு சுவர் முழுக்க ஒரு கோட்டு. இல்லையென்றால் ஒட்டு அதிகம் உறிஞ்சிப் பெயிண்டில் திட்டு விழும். எமல்ஷனில் எவ்வளவு தண்ணீர் என்பது டின்னிலேயே இருக்கிறது, அதற்கு மேல் கலந்தால் சுவர் நிறைய மூடினது போலத் தெரியும், காய்ந்ததும் பழைய சுவர் எட்டிப் பார்க்கும்.

ஏற்காட்டில் கட்டுகிறவர்களுக்குக் கதை தலைகீழ். அங்கே வெயில் பூச்சைக் கெடுப்பதில்லை, ஈரம் போக மறுக்கிறது. சேலத்திலிருந்து ஏறுகிற ஆட்கள் 20 கொண்டை ஊசி வளைவையும் இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று மூன்று மணிக்கே கட்டையைக் கழுவிவிடுவார்கள், அதனால் கடைசிப் பூச்சு எப்போதும் அவசரப் பூச்சுதான். ஐப்பசி, கார்த்திகையில் பூசினால் 28 நாள் கணக்கு அங்கே செல்லாது, இரண்டு மாதம் ஆனாலும் பாலித்தீனில் நீர் கோர்க்கும். தையில் பூசி, பங்குனியில் பெயிண்ட் என்று வைத்துக்கொள்வது நல்லது. பனி மூடியிருக்கும் காலையில் அடிக்கக்கூடாது, சுவரில் கை வைத்தால் ஈரம் படக்கூடாது. சில்வர் ஓக் நிழலில் நிற்கிற வடக்குச் சுவரில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, கழுவி, காயவைத்து, பூசணத்துக்கு எதிரான பெயிண்டையே வாங்க வேண்டும். சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவரில் மண் சாய்ந்து நின்றால் அந்தச் சுவர் எந்தப் பெயிண்டையும் தள்ளிவிடும். மண்ணை விலக்கி, சரளை போட்டு, தண்ணீர் வடிய வழி விட்ட பிறகுதான் மற்றது. ஜிப்சம் பூச்சு வேகமாக முடியும் என்று அங்கேயும் போடச் சொல்கிறார்கள். ஈரம் வருகிற சுவருக்கு அது ஆகாது, வெளிச்சுவருக்கு எங்குமே ஆகாது.

பூச்சு வேலையைச் சதுர அடிக் கணக்கில் லேபர் காண்ட்ராக்டாக விடும்போதே, கூலியில் 10 சதவீதம் ஆணி, தட்டல், மட்டக்கோல் மூன்றும் பார்த்த பிறகுதான் என்று பேசிவிடுங்கள். முன்கூட்டியே சொன்னால் எந்த மேஸ்திரியும் கோபித்துக்கொள்வதில்லை, வேலை முடிந்த பிறகு சொன்னால்தான் சண்டை. உள் சுவரைத் தண்ணீர் அடித்து முடித்து ஒரு வாரம் காய்ந்ததும் பார்க்கலாம். வெளிச்சுவரை ஒரு மழை நனைத்துக் காயும் வரை விட்டுவைத்து, அப்புறம் கணக்கு முடிக்கலாம்.